ஞாயிறு பேண்டின் லாரிப் பாட்டு

1986ஆம் ஆண்டு குடியரசு தினத்தன்று மாலை, கிழக்குத் தாம்பரம் மைதானத்தில் ஞாயிறு பேண்டு தன் நான்காவது அணிவகுப்பு மார்ச்சை வாசித்துக்கொண்டிருந்தபோதே வாடகை நாற்காலிக்காரர் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்துவிட்டார். இரண்டாவது கிளாரினெட் வரிசையில் உட்கார்ந்திருந்த செல்வமேரி வாசித்தபடியே அதைப் பார்த்தாள். இரும்பு நாற்காலி ஒன்றன்மேல் ஒன்றாக விழும் சத்தம் எந்தத் தாளத்தோடும் சேரவில்லை. முன்வரிசையில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் தூங்கிவிட்டார். இன்னொருவர் விழாக் குழுவின் செயலாளர். அவர் எழுந்து போகவும் முடியாது.

மற்ற கூட்டமெல்லாம் மைதானத்தின் பின்கோடியில், பஜ்ஜிக் கடையைச் சுற்றி நின்று சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தது.

அந்த பேண்டில் இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். ரயில்வே ஒர்க்‌ஷாப், தபால் ஆபீஸ், பேங்க், பள்ளிக்கூடம் என்று ஆளுக்கொரு வேலை. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு சர்ச் பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கொட்டகையில் கூடுவார்கள்; அதனால் அந்தப் பெயர். யாருக்கும் சம்பளம் கிடையாது. ஆண்களுக்கு வெள்ளைச் சட்டை, நீல டை. பெண்கள் இரண்டே பேர், செல்வமேரியும் ஞானம்மாளும். அவர்களுக்கு நீலக்கரை போட்ட வெள்ளைப் புடவை.

செல்வமேரி மேற்குத் தாம்பரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஷார்ட்ஹாண்ட் சொல்லிக்கொடுத்து வந்தாள். கணவன் தயாளன் மின்சார ரயிலில் கார்டு. பேண்டில் சைடு டிரம் அவனுடையது. ஞானம்மாள் சானடோரியத்தில் காசநோய் வார்டு நர்ஸ். மூச்சின் அருமை அவளுக்குத் தெரியும் என்பதால்தானோ என்னவோ, பேண்டிலேயே பெரிய மூச்சு அவளுக்குத்தான். யூபோனியம் என்ற அந்தக் கனத்த பித்தளை வாத்தியத்தை மடியில் வைத்து ஒன்பது வருஷமாக ஊதி வந்தாள். ஆனால் மெட்டு வாசிக்க அவளுக்கு வாய்த்ததே இல்லை. மற்றவர்கள் மெட்டு வாசிக்க, அவள் கீழே தாளத்துக்குப் பூம் பூம் என்று ஊதுவாள்.

அடுத்த ஞாயிறு, வழக்கமாக வாயே திறக்காத அந்த ஞானம்மாள்தான் கேட்டாள். "மாஸ்டர், அடுத்த வருஷமும் நாற்காலிக்குத்தான் வாசிக்கணுமா?"

பேண்ட் மாஸ்டர் அப்பாதுரை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் போர்மேன். இளம் வயதில் பெரம்பூர் சர்ச் பேண்டில் கார்னெட் என்ற குட்டி டிரம்பெட்டை வாசித்துப் பழகியவர். மார்ச் என்றால் அவருக்கு உயிர். கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஜனங்களுக்குத் தெரிஞ்ச பாட்டா ஒண்ணு வாசிப்போம் மாஸ்டர்," என்றான் தயாளன். "சினிமா பாட்டு."

"வாசிச்சா நமக்கும் கல்யாண பேண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பத்து வருஷத்துக்கு முன்பு பேண்டு ஆரம்பித்த புதிதில், வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்து போனபோது டீக்கடையிலிருந்து ஒருவர், "எங்கப்பா சாவு?" என்று கேட்டிருந்தார். அதற்கு அடுத்த வாரமே அப்பாதுரை பாரிமுனைக்குப் போய் எல்லாருக்கும் டை வாங்கிவந்தார். நாம் வேறு, கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூலிக்கு வாசிக்கிறவர்கள் வேறு என்று ஊர் பார்த்ததும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வைராக்கியம்.

இரண்டு மூன்று மாதம் இதையே பேசி, கடைசியில் ஒரே ஒரு பாட்டுக்குச் சம்மதித்தார். "ஒண்ணே ஒண்ணு. அது என்னன்னு செல்வமேரி பாக்கட்டும்."

அவளிடம் விட்டதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ரேடியோவில் ஒரு பாட்டை இரண்டு தரம் கேட்டால் மெட்டை ஐந்து கோட்டுத் தாளில் எழுதிவிடுவாள். நிமிஷத்துக்கு நூற்றிருபது வார்த்தை எழுதுகிற கைக்கு அது பெரிய காரியமாகத் தெரியவில்லை. அந்த பேண்டின் தாள்களையெல்லாம் பைல் போட்டு வைத்திருந்ததும் அவள்தான்.

அவள் ரொம்ப யோசிக்கவில்லை. இன்ஸ்டிடியூட்டில் மூன்று பேட்ச் பிள்ளைகளிடமும் கேட்டாள். எல்லாரும் ஒரே பாட்டைச் சொன்னார்கள். அந்த சித்திரையில் வந்த படம். பஸ் ஸ்டாண்டில் நாலு டீக்கடையிலும் ஒரே நேரத்தில் அந்தப் பாட்டு நாலு வெவ்வேறு வரியில் ஓடிக்கொண்டிருக்கும். பாட்டை எழுதினாள். வாத்தியத்துக்கு ஒன்றாகப் பதினோரு ஸ்டென்சில் வெட்டினாள். இன்ஸ்டிடியூட்டின் சைக்ளோஸ்டைல் மிஷினில் உருட்டி எடுத்துக்கொண்டு, கையில் மையோடு கொட்டகைக்கு வந்தாள்.

வாசித்தார்கள். பல்லவி முடிவதற்குள் தயாளன் டிரம் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டான்.

"மேரி, கோச்சிக்காத. இது உன் இன்ஸ்டிடியூட் சத்தம்."

அவன் சொன்னது சரிதான். பல்லவியில் ஒரே ஸ்வரம் பதினோரு தடவை வந்தது. படத்தில் பாடியவர் அதில் வார்த்தைகளைக் கொட்டியிருந்தார், சிரித்திருந்தார், ஒவ்வொரு தடவையும் குரலை ஒவ்வொரு விதமாக வளைத்திருந்தார். வார்த்தையும் குரலும் போனதும் மிஞ்சியது தட்டச்சு. இருந்தாலும் ரெண்டு மாதம் போராடிப் பார்த்தார்கள். ஆடி மாதம் வந்தபோது டீக்கடைகளில் வேறு பாட்டு ஓடியது. இன்ஸ்டிடியூட் பிள்ளைகளிடம் அந்தப் பழைய பாட்டைச் சொன்னபோது, "அதுவா மிஸ்?" என்று முகத்தைச் சுளித்தார்கள்.

இரண்டாவதாக அவள் எடுத்தது மெதுவான பாட்டு. மூன்று வருஷத்துக்கு முன் வந்தது. இன்னும் ரேடியோவில் கேட்கிறார்கள். வார்த்தை இல்லாமலே மெட்டு நின்றது. கிளாரினெட்டுக்கு எட்டாத உயரம் எதுவும் அதில் இல்லை. முதல் தரம் வாசித்து முடித்ததும் அப்பாதுரையே தலையாட்டினார்.

"சினிமா பாட்டு மாதிரியே இல்ல. சர்ச்ல பாடற ஹிம் மாதிரி இருக்கு," என்றார். அவரிடமிருந்து அதற்குமேல் பாராட்டை யாரும் எதிர்பார்க்க முடியாது. செல்வமேரி அந்த வாரம் முழுக்க அந்தச் சொல்லை நினைத்துச் சிரித்துக்கொண்டாள்.

மூன்றாவது வாரம் பாட்டு நன்றாகவே அமைந்துவிட்டது. வாசித்து முடித்துக் கருவிகளைக் கீழே வைத்தபோது, கொட்டகைக்கு வெளியே வேலியோரம் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தாள். பனையூர்க் குப்பத்திலிருந்து மீன் கொண்டுவந்து செம்பாக்கம், சேலையூர் தெருக்களில் விற்கும் அங்காளம்மா. விற்றுவிட்டுத் திரும்புகிற வழி. கூடையை இறக்கிவைத்துவிட்டு, தலைமேல் இருந்த சும்மாட்டுத் துணியையும் எடுத்துக் கையில் வைத்திருந்தாள்.

"யாரு வூட்லம்மா சாவு?" என்றாள்.

செல்வமேரிதான் எழுந்து வெளியே போனாள்.

"சாவெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நாங்க சும்மா பிராக்டீஸ் பண்றோம். ஏன் அப்படிக் கேட்டீங்க?"

"இன்னாமா, பொணம் எடுக்கற பாட்ட வாசிச்சிகினு சாவு இல்லன்றியே. எங்க பக்கம் இது வாசிச்சா பாடை கெளம்பிடுச்சின்னு அர்த்தம். பல்லாவரத்து பேண்டு செட்டு வரும். துளசிங்கம்னு ஒருத்தரு ஊதுவாரு பாரு, கல்லு மனசுக்காரனும் அழுதுடுவான்." கூடையை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். "நீங்களும் நல்லாதான் வாசிச்சீங்க. எனுக்கே அழுவ வந்துச்சி."

செல்வமேரி திரும்பி வந்தபோது அப்பாதுரை பேண்டை நடத்தும் தன் குச்சியை உறையில் போட்டுக்கொண்டிருந்தார். "இதுக்குத்தான் அன்னைக்கே சொன்னேன்," என்று மட்டும் சொன்னார். குரலில் கோபம்கூட இல்லை. அவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனதும் மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள்.

செல்வமேரிக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் வெட்கத்தைவிட ஒரு கேள்விதான் அவளைக் குடைந்தது. ரேடியோவில் கேட்கும்போது இது காதல் பாட்டு. ஊரோ அதை வேறு பாட்டாக ஆக்கி வைத்திருக்கிறது. அது தனக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் பாட்டைப் பற்றி நமக்கு என்னதான் தெரியும்?

"அந்தப் பல்லாவரத்துக்காரரைப் பாக்கணும்," என்றாள் தயாளனிடம்.

ஆவணி முகூர்த்தம் ஒன்றில் துளசிங்கத்தின் செட்டுக்குக் குரோம்பேட்டையில் மாப்பிள்ளை அழைப்பு என்று தெரிந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் இருவரும் மின்சார ரயிலில் போய் இறங்கினார்கள். ஒன்பது பேர் கொண்ட செட்டு. எல்லாருக்கும் தங்கச் சரிகை வைத்த சிவப்புக் கோட்டு. முன்னால் டிரம்பெட்டோடு நடந்தவர் நாற்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லியான ஆள். செல்வமேரி கல்யாண வீட்டுக்காரிபோல ஊர்வலத்துக்குள் புகுந்து அவர் பின்னாலேயே நடந்தாள்.

ஒரு பாட்டைத் தொடங்குவார். சில சமயம் பல்லவியோடு விட்டுவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுவார். சில பாட்டை மூன்று தரம் வாசிப்பார். எதனால் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகு அவர் கண்ணைக் கவனித்தாள். அவர் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. தன் ஆட்களையும் பார்க்கவில்லை. தெருவோரத்தில் போகிறவர்களின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மண்டப வாசலில் டீ குடிக்கும்போது போய்ப் பேசினாள். தன்னைப் பற்றியும் பேண்டைப் பற்றியும் மீன்காரம்மாவைப் பற்றியும் சொன்னாள். துளசிங்கத்துக்குச் சிரிப்பு வந்து டீ சிந்திவிட்டது.

"பாட்டு மேல தப்பு இல்ல டீச்சர். நல்ல பாட்டு. நாங்கதான் அத்த சாவுக்கு எடுத்துனு பூட்டோம். மூணு வருசமா இங்கேர்ந்து வண்டலூர் வரிக்கும் அந்தப் பாட்டுலதான் பொணம் போவுது. இனிமே அத்த திருப்பி வாங்க முடியாது."

"எந்தப் பாட்டு வாசிச்சா ஜனங்க நிப்பாங்கன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"காலப் பாப்பேன். நடந்துகினு இருக்கறவன் கால் நின்னுச்சின்னா அந்தப் பாட்டு ஆவும். நிக்கலன்னா உட்டுடுவேன். இதுல இன்னா கீது?"

"ஒரு ஞாயித்துக்கிழமை வந்து எங்களுக்கு ஒரு பாட்டு சொல்றீங்களா?"

அவர் அவளையும் தயாளனையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க பேப்பர் பாத்து வாசிக்கறவங்க. எனுக்கு அந்தப் புள்ளிங்க ஒண்ணும் தெரியாது. உங்க மாஸ்டரு ஒத்துக்குவாரா?"

"தெரியாது. நீங்க வாங்க."

அடுத்த ஞாயிறே வந்தார். கோட்டு இல்லை, வேட்டி சட்டை. டிரம்பெட்டைத் துணிப்பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார். அப்பாதுரை "வாங்க" என்றார். உட்காரச் சொல்லவில்லை. துளசிங்கமும் வாசல் தூணில் சாய்ந்து நின்றுகொண்டார். செல்வமேரி தன் நாற்காலியை எடுத்துக்கொண்டுபோய் அவர் பக்கத்தில் போட்டுவிட்டு, தான் பெஞ்சில் இடித்துப்பிடித்து உட்கார்ந்தாள்.

அவர்கள் ஒரு மார்ச் வாசித்தார்கள். முழுசாகக் கேட்டுவிட்டு, துளசிங்கம் ஞானம்மாளைக் காட்டினார். "அந்த அம்மா கையில கீறது இன்னா?"

"யூபோனியம்."

"எங்க செட்டுல அது இல்ல. வயசான ஆம்பள பேசற மாரி கீது சத்தம். அதுக்கு ஏன் பாட்டு குடுக்க மாட்றீங்க?"

அப்பாதுரை நிமிர்ந்து பார்த்தார்.

"உங்களுக்கு லாரிப் பாட்டுதான் சரி," என்றார் துளசிங்கம்.

எல்லாருக்கும் அந்தப் பாட்டு தெரியும். பதினைந்து வருஷத்துக்கு முன் வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தில், கல் உடைக்கிற வேலை முடிந்து லாரி மேல் உட்கார்ந்து வீடு திரும்புகிறவர்கள் ஆளுக்கொரு வரியாகப் பாடுவது. படம் இரண்டு வாரம்கூட ஓடவில்லை. பாட்டு மட்டும் தங்கிவிட்டது.

"அது பழசாச்சே," என்றான் தயாளன்.

"அதான் வேணும். இந்த வருசத்துப் பாட்ட நீங்க கத்துக்கறதுக்குள்ள ஜனம் மறந்துடும். பதினஞ்சு வருசம் மறக்காதத இனிமேலா மறக்கப் போறான்? ஒருத்தன் ஒரு வரி கேப்பான், இன்னொருத்தன் பதில் சொல்லுவான். நடுவுல மூச்சு உட எடம் கீது. எங்க ஊர் மலையில கல்லு ஒடைக்கறவங்க இன்னிக்கும் பாடறாங்க. கல்யாணத்துக்கு வாசிச்சிகீறோம், காதுகுத்துக்கு வாசிச்சிகீறோம், எலெக்சன்ல ரெண்டு கட்சிக்கும் வாசிச்சிகீறோம். சாவுக்கு மட்டும் இதுவரிக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல."

கடைசி வரிக்கு எல்லாரும் சிரித்தார்கள். அப்பாதுரையும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

துளசிங்கம் வாசித்துக் காட்ட, செல்வமேரி எழுதினாள். அது அவள் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. முதல் வரியை மூன்று தரம் வாசிக்கச் சொன்னாள். மூன்று தரமும் மூன்று விதமாக வாசித்தார்.

"அண்ணா, இதுல எதை எழுதறது?"

"எழுதறதுன்னா மூணையும் எழுதிக்கோ டீச்சர். மூணு பேருக்குப் பிரிச்சிக் குடு."

அப்படியே செய்தாள். கேள்வி வரிகள் டிரம்பெட்டுக்கும் பதில் வரிகள் கிளாரினெட்டுக்கும் போயின. லாரியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் பாடுகிற நான்கு வரிகளை, யாரையும் கேட்காமல், யூபோனியத்துக்கு எழுதினாள். அடுத்த வாரம் தாளைக் கையில் கொடுத்தபோது ஞானம்மாள் அதை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "இது எனக்கா? மாத்திக் குடுத்துட்டியா?" என்றாள்.

"உங்களுக்குத்தான் அக்கா."

ஆனால் பேண்டு வாசித்தபோது பாட்டு விறைத்து நின்றது. ஸ்வரம் எல்லாம் சரி. கணக்கு எல்லாம் சரி. லாரி மட்டும் நகரவில்லை. இரண்டு வாரம் அப்படியே போனது. மூன்றாவது வாரம் துளசிங்கம் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"பாட்டு சரியா கீது மாஸ்டர். நடதான் சரியில்ல. உக்காந்துகினு வாசிச்சா இது வராது. நடந்து வாசிக்கணும்."

"நடந்தா?" அப்பாதுரை குச்சியைக் கீழே வைத்தார். அவர் முகத்தில் அந்த ஏழெட்டு மாதமாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. "நடக்கறதுக்கு எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேணாம். இருபது வருஷமா மார்ச் வாசிக்கறேன். எல்லாரும் வெளிய வாங்க."

பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாலு பேராக வரிசை நிற்கவைத்தார். இடது கால், வலது கால் என்று எண்ணி, பட்டாளத்து நடையில் கிளப்பினார். பாட்டு ஓட்டம் பிடித்தது. துளசிங்கம் சிரித்துக்கொண்டே கையைக் காட்டி நிறுத்தினார்.

"லாரி மெட்ராஸ் போவல மாஸ்டர். வேல முடிஞ்சி வூட்டுக்குப் போவுது. சனமெல்லாம் களைச்சிப் போயி உக்காந்துகினு கீது."

"அப்ப எவ்வளவு வேகம்?"

"மாப்ள அழைப்புக்குப் போவமே, அந்த நட."

"அது நடையே இல்லையேப்பா. நின்னு நின்னு போவீங்க."

"அவ்ளோ மெதுவா வேணாம். உங்க நடைக்கும் எங்க நடைக்கும் நடுவுல."

இரண்டு பேரும் தோளோடு தோள் நின்று, வாத்தியம் இல்லாமல் நடந்து பார்த்தார்கள். அப்பாதுரை வாயால் எண்ணினார். துளசிங்கம் தொடையில் தட்டினார். கிணற்றடி வரை போய்த் திரும்பி, மறுபடி போனார்கள். நாலாவது சுற்றில் எண்ணிக்கையும் தட்டலும் ஒன்றாகின. அப்பாதுரை நின்று, "பிடிச்சாச்சு," என்றார். அந்த நடையில் பேண்டு கிளம்பியபோது முதல் வரியிலேயே செல்வமேரிக்கு வித்தியாசம் தெரிந்தது. தான் எழுதிய புள்ளிகள்தான். ஆனால் இப்போது அதில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

நடந்துகொண்டே தாள் பார்க்க முடியாது என்பதால் பாட்டை எல்லாரும் மனப்பாடம் செய்தார்கள். ஐப்பசி மழையில் மைதானம் குளமானபோது பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் மேலும் கீழும் நடந்து வாசித்தார்கள். துளசிங்கம் பாட்டு சொல்ல வந்தவர் என்பதே மறந்துபோனது. அவருடைய டிரம்பெட் இல்லாமல் பாட்டைத் தொடங்க முடியாது என்று ஆகிவிட்டது.

விழாவுக்கு முந்தின நாள் ஒத்திகையில் அப்பாதுரை ஒரு காகிதப் பொட்டலத்தை துளசிங்கத்திடம் நீட்டினார். வெள்ளைச் சட்டை, நீல டை. துளசிங்கம் பிரித்துப் பார்த்தார். டையை விரலால் தடவினார். பிறகு அழகாக மடித்துத் திரும்பக் கொடுத்தார்.

"தப்பா நினைக்காதீங்க மாஸ்டர். நா இருபத்தெட்டு வருசமா சிவப்புக் கோட்டு போட்டுகினு வாசிச்சவன். எங்க அண்ணன் தைச்சிக் குடுத்த கோட்டு அது. நாளிக்கு சனங்க என்னப் பாத்தா, பல்லாவரத்து செட்டுக்காரன் வாசிக்கறான்னு தெரியணும். டை கட்டிகினு வந்தா வேற ஆளு வாசிச்ச மாரி ஆயிடும்."

செல்வமேரி மாஸ்டரின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. யாரும் தங்களை அந்தக் கோட்டோடு சேர்த்துப் பார்த்துவிடக் கூடாது என்றுதான் அவர் அந்த டையை வாங்கினார்.

அப்பாதுரை பொட்டலத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். "அன்னைக்குக் குரோம்பேட்டையில நீங்க கோட்டு போட்டு வாசிச்சத பாக்கல நான். நல்லா இருந்துச்சுன்னு செல்வமேரி சொன்னா," என்றார். பிறகு, "கோட்டே போட்டுக்கோங்க. இஸ்திரி மட்டும் நல்லா போட்டுக்கோங்க," என்றார்.

1987 ஜனவரி இருபத்தாறு, திங்கட்கிழமை. மேடையில் ஒரே ஒரு மார்ச்சோடு பேண்டு தொடங்கியது, அது அப்பாதுரைக்காக. ஜனங்கள் மரியாதைக்குக் கை தட்டினார்கள். பிறகு வழக்கம்போல் எழுந்து பின்பக்கக் கடைகளை நோக்கி நகர்ந்தார்கள். பேண்டும் வாத்தியங்களோடு மேடையிலிருந்து இறங்கியது. செயலாளர் பதறிப்போய், "என்ன சார், அவ்வளவுதானா?" என்று கேட்டார். அப்பாதுரை அவர் தோளைத் தட்டிவிட்டு நடந்தார்.

எல்லாரும் மைதானத்தைச் சுற்றிப் பின்கோடிக்குப் போய், கூட்டத்துக்கு நடுவில் வரிசை கட்டி நின்றார்கள். துளசிங்கம் முன்னால் வந்தார். கோட்டின் சரிகை மாலை வெயிலில் மின்னியது. டிரம்பெட்டை உயர்த்தி முதல் வரியைக் கேட்டார்.

செல்வமேரி கால்களைப் பார்த்தாள். பஜ்ஜித் தட்டோடு போய்க்கொண்டிருந்த ஒருவர் நின்றார். அவர் பின்னால் வந்தவர் அவர்மேல் மோதிவிட்டு, அவரும் நின்றார். கிளாரினெட்டுகள் பதில் சொல்லின. வரிசை நகர ஆரம்பித்தது, அந்த நடுவாந்திர நடையில். கூட்டம் விலகி வழி விட்டது. விலகியவர்கள் அங்கேயே நிற்காமல் கூடவே நடந்தார்கள்.

கிழவரின் வரிகள் வந்தன. ஞானம்மாள் அந்தக் கனத்த வாத்தியத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஊதினாள். தழதழத்த, வயசான, அலுக்காத அந்தக் குரல் மைதானம் முழுக்கப் போனது. இரண்டாவது வரிக்கு யாரோ ஒரு அம்மாள் வார்த்தையைச் சேர்த்துப் பாடினாள். மூன்றாவது வரிக்கு இருபது பேர் பாடினார்கள். பாட்டின் வார்த்தை பேண்டில் தொலைந்துபோகும் என்றுதான் செல்வமேரி பயந்திருந்தாள். அது இவர்களிடமே இருந்தது. சரணத்துக்கு வந்தபோது பேண்டு கேட்க, ஊர் பதில் சொல்லியது. அப்பாதுரை குச்சியைச் சட்டைப் பையில் செருகிவிட்டுத் கக்கத்தில் வைத்திருந்த தன் பழைய கார்னெட்டை எடுத்து வாயில் வைத்தார். அவர் வாசித்து அந்தப் பேண்டில் பாதிப் பேர் கேட்டதே கிடையாது.

மைதானத்தை ஒரு முழுச் சுற்று வந்தார்கள். முடித்ததும், "இன்னொரு தபா, இன்னொரு தபா," என்று கூட்டம் விடவில்லை. இன்னொரு சுற்று வந்தார்கள். இரண்டாவது முறை முடிந்தபோது ஞானம்மாளின் மகள்கள் இரண்டு பேரும் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார்கள். ஞானம்மாள் யூபோனியத்தின் வாயைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அப்பாதுரை மேடைக்குப் போய் மைக்கை வாங்கினார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"டிரம்பெட், பல்லாவரம் துளசிங்கம். இந்தப் பாட்ட எங்களுக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தவர். பேண்டுக்கு எழுதினது செல்வமேரி. யூபோனியம் ஞானம்மாள். மத்தவங்க பேரெல்லாம் சொல்றேன், பொறுமையா கேளுங்க." இருபத்திரண்டு பேரையும் ஒருவர் விடாமல் சொன்னார். ஜனங்கள் நின்றபடி கேட்டார்கள். தன் பெயர் வந்தபோது செல்வமேரிக்குக் கிளாரினெட்டை எந்தக் கையில் பிடிப்பது என்று தெரியவில்லை. தன் சொந்தப் பெயர் இத்தனை நல்ல பெயர் என்று அவளுக்கு அதற்குமுன் தோன்றியதே இல்லை.

மாசி மாதம் அரக்கோணத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. அங்கே ரயில்வே ஊழியர்கள் நடத்தும் பேண்டு ஒன்று. விழாவுக்கு வந்திருந்த யாரோ சொல்லி, லாரிப் பாட்டின் தாள்கள் கிடைக்குமா என்று கேட்டிருந்தார்கள். செல்வமேரி எல்லா ஸ்டென்சிலையும் புதிதாக வெட்டினாள். இந்தத் தடவை ஒவ்வொரு தாளின் தலைப்பிலும் தமிழில் ஒரு வரி சேர்த்தாள். 'பேண்டுக்கு அமைத்தவர்கள்: பல்லாவரம் துளசிங்கம், தாம்பரம் செல்வமேரி.'

தபாலில் போடுவதற்கு முன் காட்ட வேண்டும் என்று துளசிங்கத்துக்குச் சொல்லி அனுப்பினாள். அவர் இன்ஸ்டிடியூட்டுக்கே வந்தார். இருபது டைப்ரைட்டர் சத்தத்துக்கு நடுவில் தாளை வாங்கி, அந்தத் தமிழ் வரியை இரண்டு தரம் படித்தார்.

"இது அரக்கோணம் போவுதா?"

"நாளைக்குப் போகுது."

"அங்க வாசிக்கறவன் என் பேர பாப்பானா?"

"பாத்துட்டுத்தான் அண்ணா வாசிக்கணும். பேர் மேலே இருக்கு. பாட்டு அதுக்குக் கீழதான் ஆரம்பிக்குது."

தனக்கு ஒன்று கேட்டார். மடிக்க வேண்டாம் என்று அவள் அதைச் சுருட்டி, மேலே ஒரு நூலைக் கட்டிக் கொடுத்தாள். அன்று அவர் ஏறிய மின்சார ரயிலுக்குத் தயாளன்தான் கார்டு. பல்லாவரத்தில் வண்டி நின்றபோது பிளாட்பாரத்தில் துளசிங்கம் இறங்கி நடப்பதை அவன் பின்பெட்டியிலிருந்து பார்த்தான். கசங்காமல் இருக்க அந்தத் தாளை நெஞ்சுக்கு நேராக இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஏறுகிற கூட்டத்துக்கு எதிரே, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தார். வண்டியைக் கிளப்ப விசிலை வாயில் வைத்த தயாளன், அவர் மேம்பாலப் படியேறும்வரை ஊதவில்லை.